பழைய டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள்: பார்ட்டிஷன் நாட்குறிப்பு

நவம்பர் 8, 2025, சனி

அக்கா வீட்டுக் கணினி இன்று கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தது. 2012இல் வாங்கிய மேசைக்கணினி. 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7 இருந்ததைப் பிறகு 10க்கு உயர்த்தியிருக்கிறார்கள். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்தப் பெட்டியில் கிடையாது.

அக்கா மகளுக்குக் கல்லூரிப் பாடத்துக்காக லினக்ஸ் வேண்டும். அத்தானுக்கோ விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். அவர் பல ஆண்டுகளாகச் சேகரித்த நடவுப் பாட்டுகளை எல்லாம் டாப் குறியாக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த குறியாக்கம் அது. 2010இல் யூனிகோடு தரமாக அறிவிக்கப்பட்ட பிறகும் அவருடைய பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சொற்செயலி விண்டோஸில்தான் ஓடும். எனவே இரண்டும் ஒரே டிஸ்க்கில்.

மிண்ட் என்ற லினக்ஸ் வகையின் நிறுவியைத் திறந்தால் டிஸ்க் முழுவதும் காலியாகத் தெரிகிறது. டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான ஜிபார்ட்டடிலும் அதே கதை: 465.76 ஜிபியும் ஒதுக்கப்படாத இடம். இதைப் பார்த்த ஒரு பழுதுபார்க்கும் கடையில், டிஸ்க் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் விண்டோஸ் எந்தத் தடையுமின்றிக் கிளம்புகிறது. சி, டி, இ மூன்று டிரைவ்களும் திறக்கின்றன. டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன்: பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) ஒன்றுகூட இல்லை. இந்த நிலையில் ஒருவரிடம் “அழித்துவிடுங்கள்” என்று சொல்வது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. அதற்குள் இருப்பது திரும்பப் பாட ஆளில்லாத பாட்டுகள்.

அத்தான் போனில் கேட்டார்: “தம்பி, பாட்டெல்லாம் இருக்கிறதா?”

“எல்லாம் இருக்கின்றன அத்தான். முதலில் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்கிறேன். அதன் பிறகுதான் எதையும் தொடுவேன்.”

இரவு முழுவதும் நகல் ஓடுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பென் டிரைவில் மிண்ட்டை ஏற்றி, முனையத்தில் எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் பார்ட்டிஷன் அட்டவணையை (டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியலை) ஓர் உரைக் கோப்பாக எழுதி எடுத்தேன். அந்தக் கோப்பையும் வெளி டிஸ்க்கில் வைத்தாயிற்று. யாராவது என்னிடம் இந்த வேலைக்கு வழி கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். சில வரிகளே உள்ள உரைக் கோப்பு. அது கையில் இருந்தால், அட்டவணையில் எந்த மாற்றம் செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இது எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் பிரித்த டிஸ்க். 1983இல் பிசி டாஸ் 2.0 வந்த காலத்து ஏற்பாடு. முதல் செக்டரில் 64 பைட் இடம், ஒரு பதிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகள், அவ்வளவுதான். நான்குக்கு மேல் வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று அறிவித்து, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை அடுக்க வேண்டும்.

இந்த டிஸ்க்கில் இருப்பவை: முதலாவது, விண்டோஸ் 7 தனக்காக ஒதுக்கிக்கொண்ட 100 எம்பி. இரண்டாவது, சி டிரைவ், 100 ஜிபி. மூன்றாவது, எக்ஸ்டெண்டட், அதற்குள் டியும் இயும். நான்காவது, டிஸ்க்கின் கடைசியில் 500 எம்பி மீட்புப் பார்ட்டிஷன்.

எண்களைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். எக்ஸ்டெண்டட் தொடங்கும் செக்டர் 209922048, அளவு 766849024. அப்படியானால் அது முடிவது 976771071இல். நான்காவது பார்ட்டிஷனோ 975747072இலேயே தொடங்கி, அதே 976771071இல் முடிகிறது. மீட்புப் பார்ட்டிஷன் முழுவதும் எக்ஸ்டெண்டடின் எல்லைக்குள் கிடக்கிறது!

இரண்டும் மோதுகிற அளவு சரியாக 1024000 செக்டர். ஒரு செக்டர் 512 பைட், ஆக 500 எம்பி. மீட்புப் பார்ட்டிஷனின் அளவும் அதுவே. நடந்தது தெளிவாகப் புரிகிறது. ஏதோ ஒரு கட்டத்தில் இ டிரைவைச் சுருக்கி, வால்பக்கத்தில் கிடைத்த இடத்தில் மீட்புப் பார்ட்டிஷனை உருவாக்கியிருக்கிறார்கள். சுற்றியிருக்கும் எக்ஸ்டெண்டடின் அளவு மட்டும் பழையபடி விடப்பட்டிருக்கிறது.

விண்டோஸ் இதைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸ் நிறுவியும் ஜிபார்ட்டடும் நம்பியிருக்கும் லிப்பார்ட்டட் நூலகம் கண்டிப்பானது. பார்ட்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் அட்டவணை முழுவதையும் ஏற்க மறுக்கிறது. ஏற்காத அட்டவணையைக் காட்ட முடியாதல்லவா, அதனால் திரை காலியாக நிற்கிறது. பட்டாவில் எல்லையைத் தவறாக எழுதிவிட்டால் வயல் காணாமல் போய்விடாது. இங்கும் திருத்த வேண்டியது பட்டாவை மட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

எக்ஸ்டெண்டடின் அளவை 1024000 குறைத்தால் கணக்கு சரியாகிவிடும்: 765825024. ஆனால் எழுதுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். கடைசி லாஜிக்கலான இ டிரைவ் உண்மையில் எங்கே முடிகிறது? அட்டவணைப்படி 975745023. அட்டவணையின் ஒரு வரி பொய் சொல்லியிருக்கும்போது மற்ற வரிகளை மட்டும் எப்படி நம்புவது?

நல்லவேளை, விண்டோஸ் டிரைவ்களின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் தன் அளவைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அதன் முதல் செக்டரில் மொத்த செக்டர் எண்ணிக்கை இருக்கும். அந்த முதல் செக்டரின் நகல் ஒன்று பார்ட்டிஷனின் கடைசி செக்டரிலும் இருக்கும். டிடி கட்டளையால் 975745023ஆம் செக்டரை மட்டும் படித்துத் திரையில் போட்டேன். என்டிஎஃப்எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. அட்டவணை சொன்ன இடத்தில்தான் இ டிரைவ் முடிகிறது. மீட்புப் பார்ட்டிஷன் அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது. தரவுகள் எங்கும் மோதவில்லை. மோதுவது எக்ஸ்டெண்டட் என்கிற வெளிக்கூடு மட்டுமே.

உரைக் கோப்பின் நகலில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினேன். மேலே டிஸ்க்கின் அடையாள எண் ஒரு வரியாக இருக்கும். அதைத் தொடவே கூடாது. பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் கிளம்பும் விண்டோஸ் தன் பார்ட்டிஷனைத் தேட அந்த எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. எஸ்எஃப்டிஸ்க்கில் எழுதாமலே சோதித்துப் பார்க்கும் வசதி உண்டு. முதலில் அப்படி ஓட்டினேன், புகார் ஏதும் வரவில்லை. பிறகு உண்மையாக எழுதினேன்.

ஜிபார்ட்டடைத் திறந்தால் ஆறு பார்ட்டிஷன்களும் வரிசையாகத் தெரிகின்றன. அக்கா மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “மாமா, ஒரே ஓர் எண்ணா?” என்று பதில் வந்தது. ஆமாம், ஒரே ஓர் எண்.

நவம்பர் 12, புதன்

விண்டோஸ் வழக்கம்போலக் கிளம்புகிறது. இ டிரைவில் பிழை தேடும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டினேன், பிழை இல்லை. விண்டோஸ் 8 முதல் வரும் விரைவுத் தொடக்கத்தை அணைத்துவிட்டேன். அது இருந்தால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணையாது. விண்டோஸின் உள்ளகம் (கெர்னல்) உறக்கநிலையில் டிஸ்க்கில் எழுதப்பட்டு, என்டிஎஃப்எஸ் டிரைவ்கள் பாதி திறந்த நிலையிலேயே இருக்கும். லினக்ஸ் அவற்றைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் இதை அணைத்தே ஆக வேண்டும்.

நவம்பர் 15, சனி

இன்று இடம் ஒதுக்கும் வேலை. எந்த டிரைவைச் சுருக்குவது என்பதில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். சி டிரைவைச் சுருக்கினால் கிடைக்கும் இடம் எக்ஸ்டெண்டடுக்கு வெளியே விழும். நான்கு பதிவுகளும் நிரம்பிவிட்டதால் அங்கே ஐந்தாவதாக ஒரு பிரைமரி (அட்டவணையில் நேரடிப் பதிவுள்ள பார்ட்டிஷன்) உருவாக்க வழியில்லை. லினக்ஸ் நிறுவி அதைப் பயன்படுத்த முடியாத இடம் என்று காட்டும். விண்டோஸிலேயே உருவாக்கப் போனால் டிஸ்க்கை ‘டைனமிக்’ ஆக மாற்றட்டுமா என்று கேட்கும். சம்மதித்துவிட்டால் லினக்ஸ் நிறுவுவது பெரும்பாடாகிவிடும். திரும்ப சாதாரண டிஸ்க்காக்க விண்டோஸ் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழிக்கச் சொல்லும். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ‘சரி’ கொடுக்காதீர்கள்.

எனவே இ டிரைவ். அது எக்ஸ்டெண்டடுக்குள் இருப்பதால் அங்கே விடுபடும் இடத்தில் இன்னொரு லாஜிக்கல் உருவாக்கலாம். லினக்ஸுக்கு லாஜிக்கல் பார்ட்டிஷனே போதும்.

265 ஜிபியில் பாதிக்கும் மேல் காலியாக இருந்தும், 60 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்றது விண்டோஸ். நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 259 என்ற எண்ணுள்ள பதிவு அதன் பெயரைச் சொல்லும். நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை யாரோ எப்போதோ இ டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைச் சி டிரைவுக்கு மாற்றி, இ டிரைவுக்கான சிஸ்டம் ரெஸ்டோரையும் நிறுத்தி, மறுதொடக்கம் செய்த பிறகு தாராளமாக இடம் கொடுத்தது. 102400 எம்பி, அதாவது 100 ஜிபி எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நிறுவல் முடிந்தது. எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கணினி கேட்கும் பட்டியலில் பென் டிரைவ் இரண்டு முறை வந்தது: யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த தொடக்க முறை) என்ற முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. விண்டோஸ் பயாஸ் முறையில் இருப்பதால் முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு இயங்குதளங்களும் ஒரே முறையில் கிளம்ப வேண்டும். இல்லையென்றால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் நிரலான க்ரப்பின் பட்டியலிலிருந்து விண்டோஸுக்குப் போக முடியாது.

நிறுவியில் தானாகப் பிரிக்கும் வழிகளை விட்டுவிட்டு, கையால் பிரிக்கும் வழியை எடுத்தேன். காலி இடத்தில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் ஒரு லாஜிக்கல். க்ரப்பை அந்தப் பார்ட்டிஷனில் இல்லாமல் டிஸ்க்கின் தலையில் எழுதச் சொன்னேன். முதல் பார்ட்டிஷன் 2048ஆம் செக்டரில் தொடங்குவதால் அதற்கு முன்னால் க்ரப்புக்குப் போதிய இடம் இருக்கிறது. பார்ட்டிஷன்கள் 63ஆம் செக்டரிலேயே தொடங்கிய பழைய டிஸ்க்குகளில் இந்த இடைவெளி போதாமல் தவிக்க நேரும்.

க்ரப் பட்டியலில் மிண்ட்டும் விண்டோஸும் வந்துவிட்டன. வேறு லினக்ஸ் வினியோகங்களில் (லினக்ஸ் வகைகளில்) விண்டோஸ் வராமல் போனால் பயப்பட வேண்டாம். 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. க்ரப் அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்து, பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

நவம்பர் 19, புதன்

கணினி கும்பகோணம் போய்விட்டது. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது என்று அத்தான் அழைத்தார். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. மிண்ட்டில் ஒரு கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றச் சொல்லி, அக்கா மகளைச் செய்யவைத்தேன். சரியாகிவிட்டது.

நவம்பர் 22, சனி

அக்கா மகள் கேட்டாள்: “மாமா, இதை ஜிபிடியாக மாற்றிவிடலாமே? நான்கு என்ற கட்டுப்பாடே இருக்காதே.”

நல்ல கேள்வி. எம்பிஆருக்குப் பின் வந்த அட்டவணை முறையான ஜிபிடியில் இயல்பாகவே 128 பதிவுகளுக்கு இடம் உண்டு. அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும், பிழை கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. புது டிஸ்க்காக இருந்தால் யோசிக்காமல் ஜிபிடிதான். ஆனால் விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கும் டிஸ்க்கை ஏற்பதில்லை. பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தாலும் மறுத்துவிடும். மாற்றினால் யூஇஎஃப்ஐ முறைக்கு க்ரப்பையும் மீண்டும் நிறுவ வேண்டும். பாட்டுகள் எல்லாம் யூனிகோடுக்கு மாறும் வரை இந்த டிஸ்க்கை இப்படியே விடலாம் என்றேன். குறியாக்கம் மாற்றும் நிரலை அவளே மிண்ட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதலில் எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று அத்தானிடம் கேட்கப் போகிறாளாம்.