ஜெட் லேக்குக்கு அக்குபங்சர்: எங்கே உதவும், எங்கே உதவாது

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும், மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகும். புது ஊர் நேரத்துக்கு உடம்பு பழகாத இந்த அவஸ்தைதான் ஜெட் லேக். இங்கே சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் வேலை பார்க்கிற எங்கள் வயதுக்காரர்கள் காபியைக் குடித்து எப்படியோ சமாளித்துவிடுகிறோம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அறுபது, எழுபது வயதில் வந்து இறங்குகிற அப்பா அம்மாக்கள்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். முக்கியமாக அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்குபங்சரில், அதாவது மருந்தில்லாமல் உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்துவதில், ஜெட் லேக் போய்விடும் என்று உறுதியாகக் காட்டிய பெரிய ஆய்வு எதுவும் கிடையாது, அப்படிச் சொல்லி பேக்கேஜ் விற்கிறவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் ரெண்டும் குறுக்கே சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அது கேட்பது வெளிச்சத்தின் பேச்சை, கண் வழியாக வருகிற வெளிச்சத்தின் பேச்சைத்தான் அதிகமாகக் கேட்கும். தானாக விட்டால் அதன் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால்தான் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபமாகவும் முன்கூட்டித் தூங்குவது சிரமமாகவும் இருக்கிறது, மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது பலருக்கும் பாடாகப் படுத்துவதற்கும் அதுவே காரணம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் அது நகரும். கல்லீரல், குடல் இவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு, அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து நகர்பவை, எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பாது. மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

சரி, அப்புறம் ஊசி எதற்கு? இந்த இடைவெளியைக் கொஞ்சம் வலியில்லாமல் கடப்பதற்கு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1997இல் கூட்டிய நிபுணர் குழு, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கீமோதெரபிக்குப் பிறகும் வருகிற குமட்டலுக்கு அக்குபங்சர் பலன் தருகிறது என்று ஏற்றுக்கொண்டது. விமானக் களைப்பில் வருகிற குமட்டலுக்கு எனக்கு அது நன்றாகவே கேட்கிறது. பதினைந்து மணி நேரம் ஒரே இருக்கையில் மடங்கிக் கிடந்த கழுத்தும் இடுப்பும் இளகுகின்றன. எல்லாவற்றையும்விட, உடம்பு அடங்கி ஒரு நிதானம் வருகிறது, அந்த ராத்திரி சரியான நேரத்துக்குத் தூக்கம் பிடிக்கிறது. ராத்திரி தூங்கினால்தான் காலையில் எழுந்து வெயிலில் நடக்க முடியும். கடிகாரத்தை நகர்த்துகிற வேலையை வெயில் செய்யும், அதற்கு நம்மைத் தயார்ப்படுத்துகிற வேலையை ஊசி செய்கிறது என்பதுதான் என் அனுபவம்.

நான் போகிற இடத்தில் ஒரே கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், மங்கலான விளக்கு, யாரும் பேசுவதில்லை. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுச் சாய்ந்துகொள்ள வேண்டும். ஊசி போடுகிறவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், ரெண்டு கையிலும் நாடி பிடிப்பார், பிறகு உறையைப் பிரித்து முடி போல மெல்லிய ஊசியை எடுத்து ஒரு தட்டு, அவ்வளவுதான். குத்துகிற வலி கிட்டத்தட்ட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த இடம் கனத்து, ஒரு மந்தமான குடைச்சல் மெல்லப் பரவும், அது வந்தால் சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது என்பார். அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும். இறங்கிய அன்று காலையிலேயே போவதும் வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவீர்கள், அந்தப் பகல் தூக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மறுநாள் சாயங்காலம் சரியான நேரம். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். கலிபோர்னியாவில் ஊசி போடுகிறவருக்கு மாநில அக்குபங்சர் வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி என்றாலே அம்மாவுக்குப் பயம். தமிழ்நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிற தொடுசிகிச்சை பழகியவர், நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுவார்களே, அதுதான் அவருக்கு அக்குபங்சர். அதில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்தை எப்படி மாற்றுவது என்று பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நானே அழுத்திவிடுவது மூன்று இடங்கள். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து அவருடைய மூன்று விரல் அகலம் மேலே, ரெண்டு தசைநாண்களுக்கு நடுவில், குமட்டலுக்கு. அதே ரேகையில் சுண்டுவிரல் பக்கம் இருக்கிற சின்னப் பள்ளம், தூக்கத்துக்கு. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, முன்எலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம், அக்குபங்சர் வரைபடத்தில் எஸ்டி 36 (இரைப்பைப் பாதையின் 36ஆவது புள்ளி) என்பார்களே, அது வயிற்றுக்கு. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு நிமிடம் கட்டைவிரலால் நிதானமாக அழுத்தினால் போதும். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள புள்ளியையும், உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள புள்ளியையும் தொடுவதில்லை என்பது இந்தத் துறையில் காலங்காலமாக இருக்கிற கட்டுப்பாடு.

சீன மருத்துவத்தில் ஒரு நாளைப் பன்னிரண்டு உறுப்புகளுக்கு ரெண்டு ரெண்டு மணி நேரமாகப் பிரித்திருக்கிறார்கள், விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து நுரையீரல், காலை ஏழிலிருந்து ஒன்பது இரைப்பை என்று போகும். விமானத்திலேயே போகிற ஊர் நேரப்படி ரெண்டு மணிக்கு ஒரு தடவை அந்தந்தப் புள்ளியை அழுத்தச் சொல்கிற முறையும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதற்காக விமானத்தில் கிடைக்கிற கொஞ்சநஞ்சத் தூக்கத்தைக் கலைத்துக்கொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால் காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் அங்கே ஊசியும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து அப்பா அம்மா வாயைத் திறக்க மாட்டார்கள். பயணக் காப்பீட்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிட்டு, வந்த முதல் வாரம் அவர்கள் காலை நீங்களே பார்த்துக் கேளுங்கள்.