நாற்சார் வீடும் பன்னிரண்டு தூணும்

சித்திர மாஸ்டரிடம் நான் வாங்கிய மிகக் குறைந்த புள்ளி நூற்றுக்கு 28. ஒன்பதாம் வகுப்பில் கல்லூரி மண்டபத்தைக் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். முகப்புத் தூண்களை மட்டும் நிழல் விழுத்தி அழகாகக் கீறிக்கொண்டு போனேன். "தம்பி, இது கட்டடமோ கலியாணப் பந்தலோ? முகப்பைப் பிறகு பார்க்கலாம். முதல், காகம் மேலயிருந்து பார்க்கிற மாதிரிக் கீறு" என்றார். நிலப்படத்தைத்தான் அவர் அப்படிச் சொல்லுவார். அன்று பின்னேரம் முழுக்க விறாந்தையைக் காலடியால் அளந்து திரிந்தேன்.

போன கோடை நமது கல்லூரிப் பழைய மாணவர் ஒன்றுகூடல் மேற்கு லண்டன் ஒஸ்டர்லி பூங்காவில் நடந்தபோது அந்தக் காகம் திரும்பவும் வந்தது. கொத்துரொட்டிப் பெட்டிகளைத் திறக்கவும் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் மரத்தடியில் நிற்க, நான் சீட்டு வாங்கிக்கொண்டு பூங்காவிலுள்ள ஒஸ்டர்லி மாளிகை என்ற பழைய பெரிய வீட்டுக்குள் போய்விட்டேன். அந்தப் பக்கத்தால் எத்தனையோ வருடம் வேலைக்குப் போய் வந்தவன். உள்ளே போனது அன்றுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது தூண்கள்தான். அகலமான படிகள், மேலே வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை அயோனிக் தூண்கள் (தலையில் சுருள் வைத்த கிரேக்கப் பாணி), அவற்றின் மேல் முக்கோண முகடு. ரோமாபுரிக் கோயில் ஒன்றைத் தூக்கி வந்து வைத்ததுபோல. ஆனால் படியேறித் தூண்களைக் கடந்தால் நேரே வீடு வராது, ஒரு முற்றம் வரும். மற்ற மூன்று பக்கமும் செங்கல் சுவர், மூலைக்கொரு கோபுரம். அட, இது நம்முடைய நாற்சார் வீடு! ஒரு பக்கச் சாரைத் திறந்துவிட்டு அந்த இடத்தில் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டின் மூலம் 1570களுக்குப் போகிறது. வணிகர் கூடும் இடமான லண்டன் றோயல் எக்ஸ்சேஞ்சை நிறுவிய வணிகர் தோமஸ் கிரெஷம் கட்டியது. 1576இல் முதலாம் எலிசபெத் அரசி வந்து தங்கினார். முற்றம் பெரிதாக இருக்கிறது, நடுவில் ஒரு சுவர் இருந்தால் நல்லது என்று அரசி சொன்னாராம். கிரெஷம் லண்டனிலிருந்து கொத்தர்களை வரவழைத்து ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை எழுப்பிவிட்டாராம். கதைதான், ஆனாலும் நமது கல்லூரியில் வித்தியாதிகாரி வரும் முன்னிரவு வெள்ளையடித்த ஞாபகம் எனக்கு வந்தது. கிரெஷம் காலத்துக் குதிரைலாயம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பழைய வீடு எப்படி இருந்திருக்கும் என்று அதைப் பார்த்து ஊகிக்கலாம்.

பிறகு வீடு நிக்கலஸ் பார்பன் என்ற கட்டட வியாபாரியின் கைக்கு வந்தது. அவர் அதை ஈடு வைத்துக் கடனோடு செத்துப்போக, 1713இல் வங்கிக்காரர் பிரான்சிஸ் சைல்டுக்குப் போனது. இந்தச் சைல்ட் குடும்பத்துக்கு மதராஸ் கோட்டையிலிருந்து வணிகம் செய்த கிழக்கிந்தியக் கம்பனியிலும் பெரிய கை இருந்தது. அந்தக் காசும் இந்தச் சுவர்களில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தால் பொன் பூச்சு வேறு மாதிரித் தெரியும்.

1761இல் வேலைக்கு வந்தவர் ஸ்கொட்லாந்துக் கட்டடக்கலைஞர் றொபேட் அடம். இத்தாலியில் வருடக்கணக்காக ரோமானிய இடிபாடுகளை அளந்து கீறியவர். சித்திர மாஸ்டருக்குப் பிடித்திருக்கும். அவர் பழைய வீட்டை இடிக்கவில்லை. சதுரத்தையும் கோபுரங்களையும் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் தூண்களை நிறுத்தி, உள் அறைகளைப் புதிதாக்கினார். புதிதாகக் கட்டுவதை விட இது கடினம் என்பது என் எண்ணம். கட்டடக் கந்தோரில் முப்பது வருடம் படம் கீறியவன் சொல்கிறேன்.

சாப்பாட்டு அறையில் நடுவே மேசை இல்லை. கதிரைகள் சுவரோரமாக நிற்கும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துப் போடுவார்களாம். எட்ரஸ்கன் அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். இளம் நிறச் சுவர் முழுக்கச் செங்காவியிலும் கறுப்பிலும் மெல்லிய உருவங்கள். கதிரை முதுகில் கூட அதே கோலம். இத்தாலியில் தோண்டியெடுத்த சாடிகளைப் பார்த்து வரைந்தவை. ரோமருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களுடையவை என்று நம்பினார்கள், அவற்றில் பல உண்மையில் கிரேக்கச் சாடிகள். பிழையான பெயர், அறை மட்டும் அருமை. 1773இல் இந்த வீட்டை அரண்மனைகளின் அரண்மனை என்று புகழ்ந்த எழுத்தாளர் ஹொரஸ் வால்போலுக்கு இந்த அறை பிடிக்கவில்லை. வீட்டிலிருந்த அரச கட்டிலின் மேற்குவிமாடத்தையும் விடவில்லை, தொப்பி அலங்கரிப்பவள் சோடித்தது போலிருக்கிறது என்று நக்கலடித்தார்.

இவ்வளவும் மாறாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு காதல் விவகாரம். 1782இல் அப்போதைய வீட்டுக்காரர் றொபேட் சைல்டின் ஒரே மகள், வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவோடு ஓடிப்போய்க் கல்யாணம் கட்டினாள். தகப்பன் கோபத்தில் உயிலை மாற்றிவிட்டு, அதே வருடம் இறந்தார். சொத்து பேத்தி வழியாக ஜேர்சி பிரபுக் குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்கு வேறு பெரிய வீடு இருந்ததால் இங்கே அதிகம் கை வைக்கவில்லை. 1949இல், பழைய கட்டடங்களைப் பேணும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே வருடம், அவர்கள் எடுத்துப்போன படங்கள் இருந்த ஜேர்சித் தீவுக் களஞ்சியம் ஒன்று எரிந்ததில், மாடிப்படிக் கூரையில் இருந்த, ரூபன்ஸ் என்ற ஓவியர் வரைந்த ஓவியமும் போய்விட்டது. இப்போது அங்கிருப்பது பிரதி.

மழை விட்டதும் கூட்டத்துக்குத் திரும்பி, காகிதத் தட்டொன்றின் பின்புறத்தில் வீட்டைக் கீறினேன். ஒரு சதுரம், மூலைகளில் நாலு சிறு சதுரம், நடுவில் முற்றம். வகுப்புத் தோழனின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, தூண் எல்லாம் எங்கே?"

திறந்த பக்கத்தில் பேனாவால் பன்னிரண்டு புள்ளி வைத்தேன்.