முத்திரை இல்லாத கடிதமும் அப்பாவின் காலும்

தைப்பூசத்தன்று அப்பா காவடி எடுத்து, கோர் டி கார்ட் மலையடிவாரக் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தார். மொரீஷியஸில் அது நல்ல கோடை, தார் ரோடு கொதித்தது. பல வருடச் சர்க்கரையில் கால் மரத்துப்போனவருக்குச் சூடே தெரியவில்லை. மறுநாள்தான் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருப்பதைப் பார்த்தோம்.

பான்ஸ்மான், அதாவது புண்ணுக்குக் கட்டு, போடும் அறையில் இடம் கிடைப்பது சிரமமில்லை. ஆனால் ஐந்து வாரம் மருந்து தடவித் துணி சுற்றியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. புண் ஓரம் தடித்து வெளுத்தது, நடுவில் மஞ்சள் படலம். "சர்க்கரைப் புண் மெதுவாகத்தான் ஆறும்" என்றார்கள். அதை நம்பியதுதான் எங்கள் தவறு. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது குறையாவிட்டால் வைத்தியத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமாம்.

சரி, பாதச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கினோம். காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பி, மூன்று மணி நேரம் காத்திருந்து ஜன்னலுக்குப் போனால், "டாக்டர் முத்திரை இல்லை, திரும்பப் போங்கள்." அப்பா புண் காலை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார், ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. முத்திரையோடு போனபோது அந்த வாரம் இடமில்லை. கடிதத்தை வாங்கிய இடத்திலேயே முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

நல்ல வேளையாக வாரம் ஒருமுறை அளவுகோலை ஓரத்தில் வைத்துப் புண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தேன். வாசலில் வந்த ஒரு நர்ஸிடம் காட்டினேன். அன்றைக்கே உள்ளே அழைத்துப்போனார்!

செத்த சதையைச் சுரண்டியபடி அவர்தான் விளக்கினார். காயம் பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமியைக் கொல்லும். ஓரிரு நாளில் மேக்ரோபேஜ் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து குப்பையைத் தின்னும். அப்புறம் அதே மேக்ரோபேஜ்கள் குணம் மாறி, புது ரத்தக்குழாயும் சதையும் வளரத் தூண்டும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் பல மேக்ரோபேஜ்கள் அப்படி மாறாமல் சண்டையிலேயே நின்றுவிடும். புண்ணும் அங்கேயே நின்றுவிடும். செத்த சதையை எடுத்து, காலில் பாரம் படாமல் பார்த்து, சர்க்கரையை இறக்கினால்தான் அடுத்த வேலை தொடங்கும்.

சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

புண்ணில் பாரம் படாத செருப்போடு ஒன்பது வாரம். போன திங்கள் பான்ஸ்மானைப் பிரித்தபோது தோல் மூடியிருந்தது. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.