பறக்கும் பனியை அளப்பது: ஒருவழியாக ஒத்துவந்த எண்

ஏப்ரல் பனிப்புயலில் ஒருவழியாக நம்பக்கூடிய ஒரு எண் கிடைத்தது: பனியை உருக்கி அளந்ததில் 0.62 அங்குலம் தண்ணீர். அதே புயலில் கம்பத்தில் நின்ற மழைமானிக்குள் விழுந்தது 0.11 தான். குளிர்காலம் முழுக்க இந்த இடைவெளியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து வடமேற்கு மூலை, ஷெர்மன் கவுண்டி, குட்லண்டை ஒட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 அடி. பார்க்கத் தட்டையாக இருந்தாலும் மேற்கே போகப்போக நிலம் ஏறிக்கொண்டே இருக்கும். தெற்கே அடுத்துள்ள வாலஸ் கவுண்டியில் மாநிலத்தின் உச்சியான மவுண்ட் சன்ஃபிளவர் இருக்கிறது, 4,039 அடி. மலை என்று நம்பிப் போனால் மேய்ச்சல் நிலம்தான் வரவேற்கும்! ஆனால் எங்கள் பனிக்கு மூலகாரணமே இந்த ஏற்றம்தான். தென்கிழக்குக் கொலராடோவில் ஒரு தாழ்வுநிலை உருவானால், ஈரக்காற்று வடகிழக்கிலிருந்து இந்தச் சரிவில் ஏறி, குளிர்ந்து, பனியாகக் கொட்டும். அதே தாழ்வுநிலைதான் காற்றையும் முடுக்கிவிடுகிறது. அதனால் பனி தனியாக வருவது அபூர்வம், காற்றைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பிளிசார்ட், அதாவது பனி பறந்து கண்ணை மறைக்கும் கடும் புயல், என்று அறிவிக்க தேசிய வானிலைச் சேவை வைத்திருக்கும் அளவுகோல்: மணிக்கு 35 மைல் காற்று, கால் மைலுக்குக் குறைவான பார்வைத் தூரம், இது 3 மணி நேரம் நீடிக்க வேண்டும். புதிதாகப் பனி விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏற்கெனவே கிடக்கும் பனி பறந்தாலே போதும். தலைக்கு மேல் நீல வானம் இருக்க, ஐ-70 நெடுஞ்சாலையின் கேட்டை இழுத்து மூடுவது இங்கே நடக்கிற விஷயம்தான்.

கோகோராஸ் (தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலேயே மழை, பனி, ஆலங்கட்டியை அளந்து பதியும் திட்டம்) திட்டத்தில் அளப்பவர்களுக்கு அந்த 4 அங்குல மழைமானியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 4 அங்குல வாயுள்ள வெளிச் சிலிண்டர், அதற்குள் அளவுக்கோடு போட்ட மெல்லிய உள்குழாய், மேலே புனல். அக்டோபரிலேயே புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்தாயிற்று, வெளிச் சிலிண்டர் மட்டும் கம்பத்தில். பிரச்சினை என்னவென்றால், சிலிண்டரின் வாய்மேல் காற்று மோதி எழும்பும்போது இலேசான பனித்துகளையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மழைத்துளிக்குக் கனம் உண்டு, அது விழுந்துவிடும். பனிக்கு அது இல்லை. காற்று 15 மைலைத் தாண்டினாலே சிலிண்டரில் சேர்வது பாதிதான், அதற்குமேல் கேட்கவே வேண்டாம்.

அதனால் சிலிண்டரை நம்புவதை விட்டுவிட்டுப் தரையில் போட்ட பலகைமேல் சேரும் பனியைச் சிலிண்டராலேயே வெட்டி எடுக்கும் முறைக்கு வந்தேன். வெள்ளை பெயின்ட் அடித்த பிளைவுட், 2 அடிக்கு 2 அடி. இதை எங்கே போடுவது என்பதில்தான் முழுத் தலைவலியும். வேலியோரம் போட்டால் இடுப்பளவு குவிகிறது, திறந்த முற்றத்தில் போட்டால் புல் தெரிகிறது. கடைசியில் பக்கத்து வயல்காரர்தான் வழி காட்டினார். அவர் கோதுமையைக் கதிரோடு மட்டும் அறுத்துவிட்டு, தாளை முழங்கால் உயரத்துக்கு அப்படியே விட்டிருக்கிறார். தாளுக்கு நடுவே பனி சமமாக, அசையாமல் கிடந்தது. அவர் தாளை விட்டதே அதற்காகத்தான். அந்தப் பனி உருகி மண்ணுக்குள் இறங்கினால்தான் அடுத்த பயிருக்கு ஈரம். அவர் அனுமதியோடு பலகை இப்போது அங்கே இருக்கிறது. இடம் தெரிய ஒரு கொடியும் நட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் தேடியே பொழுது போய்விடும்.

இனி வெட்டும் வேலை. சிலிண்டரைக் கவிழ்த்து, நேராக, ஆட்டாமல், பலகையைத் தொடும்வரை அழுத்த வேண்டும். சுற்றியுள்ள பனியை ஒரு பக்கம் விலக்கி, அடியில் தகடு ஒன்றைச் செருகி, சேர்த்துப் பிடித்து நிமிர்த்த வேண்டும். இந்தத் தகட்டுக்கு எதையெதையோ முயன்றேன். பிளாஸ்டிக் அட்டை குளிரில் முறிந்தது, பெயின்ட் சுரண்டியின் அகலம் போதவில்லை. கடைசியில் கைகொடுத்தது நம்ம தோசைத் திருப்பிதான். அகலமானது, விளிம்பு மெல்லியது, பலகையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். சமையலறைக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தாயிற்று.

உருக்குவதற்கு உள்குழாயில் 0.30 அளந்த வெந்நீரைச் சிலிண்டரில் ஊற்றிச் சுழற்றி, உருகியதும் புனல் வழியாகத் திரும்ப உள்குழாய்க்கு. 0.92 காட்டியது, 0.30 போக 0.62. வெந்நீரைத் தாராளமாக ஊற்றாதீர்கள், உள்குழாய் கொள்வதே 1 அங்குலம்தான், வழிந்துவிடும். சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு: உருக்கும் முன்பே சமையலறைத் தராசில் எடை போட்டுவிடலாம். 4 அங்குல வாய்க்கு 1 அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 206 கிராம். சிலிண்டரின் எடையைக் கழித்து எனக்கு வந்தது 130 கிராம், அதாவது 0.63. இரண்டு முறையும் இவ்வளவு நெருங்கி வந்ததைக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் செய்வேன். எடை போடும் முன் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் பனியே 0.02 வரை ஏமாற்றும்.

பலகையில் ஆழம் ஆறரை அங்குலம். ஏறக்குறைய பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. வசந்தகாலத்து ஈரப்பனி அப்படித்தான். ஜனவரிப் பனி வெறும் பஞ்சு, பதினைந்து அங்குலம் இருந்தால்தான் ஒரு அங்குலத் தண்ணீர் தேறும். ஆழத்தை மட்டும் எழுதி வைப்பதில் பிரயோஜனமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். வயல்காரரும் ஆழத்தைக் கேட்பதில்லை, “தண்ணி எவ்வளவு?” என்றுதான் கேட்கிறார். ஆண்டுக்கே 18, 19 அங்குலம் பெய்யும் ஊர் இது, அதிலும் பாதிக்குமேல் மே முதல் ஆகஸ்ட் வரை. மற்ற மாதங்களில் கிடைக்கும் ஒவ்வொரு 0.10-க்கும் மதிப்பு அதிகம். பெய்யாத நாளில் 0.00 என்று பதிவதும் முக்கியம், வறட்சியைக் காட்டுவது அந்தப் பூஜ்யங்கள்தான். 2025 மார்ச் 14 அன்று இதே கவுண்டியில், இதே ஐ-70-ல், புழுதிப் புயலில் 70-க்கும் மேற்பட்ட வண்டிகள் மோதி 8 பேர் இறந்தார்கள். காய்ந்த மண் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, கம்பத்துச் சிலிண்டருக்கும் ஒரு காற்றுத் தடுப்பு. 1937-ல் ஆல்டர் என்ற அமெரிக்க வானிலையாளர் வடிவமைத்தது போன்றது: ஒரு வளையத்தில் தகடுகள் தொங்கும், காற்றடித்தால் ஆடும், அதனால் பனி அதில் குவியாது. தகடு வெட்டியாயிற்று, வளையம்தான் பாக்கி. ஆன்லைனில் வரவழைத்த குழாய் வளைந்து நெளிந்து வந்து சேர்ந்தது, திருப்பி அனுப்பச் செலவு அதைவிட அதிகம். ஊரில் தானியக் கிடங்கு ரிப்பேர் பார்க்கும் வெல்டர் ஒருவர் அறுவடைக்கு முன் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அதற்குள் ஆலங்கட்டி சீசன் வந்துவிடும். பக்கத்து கிட் கார்சன் கவுண்டியின் பெத்யூனில் 2019 ஆகஸ்ட் 13 அன்று விழுந்த கட்டி 4.83 அங்குலம், அன்றைக்கு அது கொலராடோவின் சாதனை. எனவே வளையத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இப்போது தெர்மாகோலில் அலுமினிய ஃபாயில் சுற்றி ஆலங்கட்டித் தட்டுகள் (விழும் கட்டியின் தடம் ஃபாயிலில் பதியும்) தயாராகிக்கொண்டிருக்கின்றன. சாதாரண ஃபாயில் காற்றுக்கே கிழிகிறது, கனமான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். முனைகளை அடிப்பக்கமாக மடித்து டேப் ஒட்டுங்கள், மேலே ஒட்டினால் வெயிலில் உரிந்து வந்துவிடும்.