இடது பின்னங்கால்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நான் தொட்டுப் பார்த்த குதிரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடும் ஆடும் நாயும்தான் எங்கள் கைக்குப் பழகியவை. அப்படிப்பட்ட நான், அமெரிக்காவில் குதிரைகளுக்கே பெயர்போன கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு 2011 குளிர்காலத்தில் வந்து சேர்ந்தேன். வந்த வேலை, குதிரையின் மூளையிலும் தண்டுவடத்திலும் புகுந்துகொள்ளும் ஒருசெல் ஒட்டுண்ணியை வளர்ப்பது. சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் மூளை, தண்டுவட அழற்சி நோயை (Equine Protozoal Myeloencephalitis) இங்கே எல்லோரும் இ.பி.எம். என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளும் எனக்கு அந்த ஒட்டுண்ணி குடுவைக்குள் இருக்கும் ஒன்று மட்டுமே. மாட்டின் மூக்குத் திசுவிலிருந்து எடுத்த செல்களை குடுவையின் அடியில் பாய்போல் படரவிட்டு, அதன்மேல் ஒட்டுண்ணியை விடுவோம். அது செல்லுக்குள் நுழைந்து, வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமல் வளரும். ஏறத்தாழ மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே செல்லுக்குள் பிறை வடிவத்தில் டஜன் கணக்கான குஞ்சுகள் பூவிதழ்போல் வட்டமாக அடுக்கி நிற்கும். செல் வெடித்ததும் அவை வழுக்கிக்கொண்டு பக்கத்துச் செல்லைத் தேடிப் போகும். காலை ஏழு மணிக்கு, யாரும் வருவதற்கு முன் இன்குபேட்டரைத் திறந்து இதைப் பார்ப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நோயை உண்டாக்கும் ஒன்று அத்தனை அழகாக இருக்கிறதே என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

இந்த நோயின் கதை கென்டக்கியில்தான் தொடங்குகிறது. 1960களில் ஜேம்ஸ் ரூனி என்ற நோய்க்குறியியல் அறிஞர், தள்ளாடி விழுந்த குதிரைகளின் தண்டுவடத்தில் திட்டுத்திட்டாக அழற்சி இருப்பதைக் கண்டார். உள்ளே ஓர் ஒட்டுண்ணி இருப்பது எழுபதுகளில் தெரியவந்தது. அதைக் குதிரையின் தண்டுவடத்திலிருந்து எடுத்து வளர்த்து, 1991இல் தனி இனமாகப் பெயரிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இந்தியாவில் பிறந்து கால்நடை மருத்துவம் படித்த ஜே.பி. துபே. அந்தக் கட்டுரையை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குள் ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

நோய் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை லாயத்தின் மூலையிலேயே இருந்தது. இரவில் பூனைக்கு வைத்த தீனியைத் தின்ன வரும் ஒப்போசம் என்ற பைப்பாலூட்டியின் குடலில்தான் இந்த ஒட்டுண்ணி இனப்பெருக்கம் செய்கிறது. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ரக்கூன், ஸ்கங்க், ஆர்மடில்லோ போன்றவற்றின் சதையைத் தின்று ஒப்போசம் அதைப் பெறுகிறது. ஒப்போசத்தின் எச்சம் விழுந்த வைக்கோலையோ தண்ணீரையோ குதிரை உட்கொள்கிறது. ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்கு இது தொற்றாது. பறவைகளின் சதையில் வாழும் வேறோர் இனமும் இதுவும் ஒன்றே என்று 1995இல் ஒரு கருத்து எழுந்தது. அந்த இனத்தைக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வரவில்லை.

மூன்றாம் ஆண்டில் இரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மாறினேன். அங்கே நடந்த ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

இரண்டு வயதுப் பந்தயக் குதிரை ஒன்றின் இரத்தம் வந்தது. பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன என்று படிவத்தில் எழுதியிருந்தது. ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு மிக அதிகம். நான் நன்றாகவே செய்த பரிசோதனை. சந்தேகமே இல்லாமல் 'பாசிடிவ்' என்று எழுதி அனுப்பினேன். குதிரைக்கு இ.பி.எம்.முக்கான பொனாசுரில் என்ற மருந்துப் பசையை 28 நாள் கொடுத்தார்கள். தள்ளாட்டம் கூடிக்கொண்டே போய், ஒருநாள் அது எழுந்திருக்கவே இல்லை. கருணைக்கொலைக்குப் பிறகு நடந்த பிரேதப் பரிசோதனைக்கு நானும் போனேன். தண்டுவடத்தைத் துண்டு துண்டாக அறுத்து மேசையில் வரிசையாக வைத்தார்கள். இ.பி.எம். இருந்தால் தெரியக்கூடிய பழுப்புத் திட்டு எதுவும் இல்லை. கழுத்தெலும்பு இரண்டுக்கு நடுவே, குழாயை விரலால் அழுத்தியதுபோல் தண்டுவடம் நசுங்கியிருந்தது. குதிரைக்கு இருந்தது கழுத்தெலும்பு நோய். இளம் பந்தயக் குதிரைகளில் இது அரிதே அல்ல.

என் எண்ணில் பிழை இல்லை. அந்தக் குதிரை என்றோ ஒட்டுண்ணியைச் சந்தித்திருந்தது உண்மை. ஒப்போசம் திரியும் பகுதிகளில் பெருமளவு குதிரைகளின் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். நோய் வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், தேர்வில் கேட்டால் எழுதியிருப்பேன். ஆனால் படிவத்தில் ஒரே சொல்லை எழுதி அனுப்பியபோது, அதைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று யோசிக்கவில்லை. குதிரைக்காரர் அந்தச் சொல்லை நம்பி ஒரு மாதம் காத்திருந்தார். அதற்குப் பிறகு, இரத்தத்தை மட்டும் அனுப்புகிறவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தண்டுவட நீரையும் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இரண்டிலும் உள்ள எதிர்ப்பொருள் அளவை ஒப்பிட்டால்தான், அது தண்டுவடத்துக்குள்ளேயே உருவாகிறதா, இரத்தத்திலிருந்து கசிந்ததா என்று ஓரளவு சொல்ல முடியும். நீண்ட ஊசியை இடுப்புக்குள் செலுத்துவதற்குச் சிலர் தயங்குகிறார்கள், செலவும் கூடுதல். அவர்களோடு வாதாடுவதற்கு நான் சலித்துக்கொள்வதில்லை.

நூற்றில் அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் வருகிறது என்பது என்னை இன்னும் விடாமல் துரத்தும் கேள்வி. பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத அராபியக் குதிரைக்குட்டிகள் உண்டு. அவற்றுக்கு இந்த ஒட்டுண்ணியைச் செலுத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. எதிர்ப்பே இல்லாததால் அவைதான் முதலில் விழும் என்று யாரும் நினைப்பார்கள். இரத்தத்தில் ஒட்டுண்ணி நீண்ட நாள் இருந்தது, தள்ளாட்டம் வரவில்லை. எதிர்ப்பாற்றல் உள்ள குதிரைகளுக்கோ நரம்புக் கோளாறு வந்தது, ஆனால் அவற்றின் தண்டுவடத்தில் ஒட்டுண்ணி அகப்படவில்லை. எலிகளிலோ நேர்மாறு: நோயெதிர்ப்புக்கு உதவும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் இல்லாத எலிகள் மூளை அழற்சியில் மடிகின்றன. அப்படியானால் குதிரையைத் தள்ளாட வைப்பது ஒட்டுண்ணியா, அதை விரட்டப் போன குதிரையின் சொந்தப் படையா? இரண்டும் சேர்ந்தே என்பது என் ஊகம். எங்கள் குழுவில் எல்லோரும் இதை ஏற்பதில்லை.

இப்போது வாரம் ஒருநாளாவது குதிரையை நேரில் பார்க்கப் போய்விடுகிறேன். சென்ற வசந்தத்தில் ஒரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை. இடது பிட்டச் சதை மட்டும் வற்றியிருந்தது. இடது பின்குளம்பின் நுனி தரையில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்துப் பார்ப்பது வழக்கம். வலுவுள்ள குதிரை நம்மையே இழுத்துக்கொண்டு போகும். இடப்புறம் இழுத்ததும் இது சாய்ந்து விழப் பார்த்தது. தள்ளாட்டமே இல்லாவிட்டால் 0, மிக மோசமானால் 5 என்ற அளவுகோலில் தரம் 3. தண்டுவட நீரின் ஒப்பீடும் இ.பி.எம். என்றே காட்டியது. மருந்து தொடங்கினோம்.

நான்கு மாதம் கழித்து அதே கருப்பு வேலியோரம் அதே குதிரையை நடத்தச் சொல்லி வாலைப் பிடித்தேன். வலப்புறம் இழுத்தபோது அசையவே இல்லை. இடப்புறம் இழுத்தபோது ஓர் அடி விலகி, காலை ஊன்றி நின்றுகொண்டது. குறிப்பேட்டில் தரம் 1 என்று எழுதி, அடுத்த வருகைக்குத் தேதி குறித்தேன்.