ஃபயர் அலாரம் போட எவ்வளவு ஆகும்? கொட்டேஷனில் பணம் போகும் இடங்கள்

"ஒரு டிடெக்டர் என்ன விலை?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். டிடெக்டர் என்பது புகையையோ சூட்டையோ உணரும் சின்னக் கருவி. ஆயிரம் ரூபாய் என்றதும், இருபது டிடெக்டருக்கு இருபதாயிரம் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எழுபதாயிரத்துக்குக் கொட்டேஷன் வந்தால் சந்தேகம் வருகிறது. அந்த நேரம் பார்த்து நாற்பதாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்று இன்னொருவர் வருவார், வேலை அவருக்குப் போய்விடும். அந்த முப்பதாயிரம் எதில் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு. இதில் வரும் விலைகள் தமிழ்நாட்டில் நடுத்தரத் தரத்துக்கு ஏறக்குறைய ஆகும் தொகை. பிராண்டையும் ஊரையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

வீட்டை முதலில் பார்த்துவிடலாம், அது எளிது. தனி வீட்டுக்கோ அபார்ட்மென்ட் ஃபிளாட்டுக்கோ பேனல் (எல்லா டிடெக்டரையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி), கேபிள் எதுவும் வேண்டாம். பேட்டரியும் சைரனும் உள்ளேயே இருக்கும் தனி ஸ்மோக் அலாரம் போதும். ஒன்று ரூ.1,000 முதல் 2,000 வரை. 10 வருடம் மாற்றத் தேவையில்லாத லித்தியம் பேட்டரி வைத்தது என்றால் அதைவிடக் கூடும், ஆனால் கொடுக்கலாம். 9 வோல்ட் பேட்டரி தீர்ந்து "கீக் கீக்" என்று கத்த ஆரம்பித்ததும், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே மறந்துபோகும் வீடுகள்தான் அதிகம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஹாலில் ஒன்று, ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, ஆக மூன்று. சமையலறையில் ஸ்மோக் வகை வைக்கவே கூடாது. மிளகாய் தாளிக்கும் புகைக்கே அது அலறும். அங்கே குறிப்பிட்ட வெப்பநிலை எட்டினால் மட்டும் அடிக்கும் ஹீட் வகை. பூஜை அறைக்குப் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில், அந்த அறை வாசலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். சீலிங்கில் ஃபேன் இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரோ, மின்சார ஸ்கூட்டர் சார்ஜரோ இருந்தால் அங்கே கட்டாயம் ஒன்று.

ஏசி போட்டுக் கதவைச் சாத்தித் தூங்குபவருக்கு ஹாலில் அடிக்கும் சைரன் சரியாகக் கேட்காது. அதனால் ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் வயர்லெஸ் வகை இருந்தால் அதையே வாங்குங்கள். மொத்தம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். எல்பிஜி கசிவுக்கான கருவி வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அந்தக் கருவியைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பொருத்த வேண்டும்.

கடைக்கு வருவோம். தரைத்தளம், முதல் தளம் என இரண்டு மாடித் துணிக்கடை, தளம் ஒன்றுக்கு 40 அடிக்கு 50 அடி என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் ஃபயர் அலாரம் நிறுவலுக்கான தர விதி ஐஎஸ் 2189. தட்டையான சீலிங்கின் எந்த இடத்திலிருந்தும் 7.5 மீட்டருக்குள் ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஹாலுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டு தளத்துக்கு எட்டு. தளத்துக்கு ஒரு ஸ்டாக் ரூம், இரண்டு. மீட்டர் போர்டு இருக்கும் அறைக்கு ஒன்று, படிக்கட்டின் உச்சியில் ஒன்று, ஆக 12. ஊழியர் டீ போடும் இடத்துக்கு ஹீட் டிடெக்டர் 1. கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புக் கால் பாயின்ட் 3, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில். சத்தம் எழுப்பும் ஹூட்டர் 3, அதில் ஒன்று தெருவைப் பார்த்து. நான்கு ஜோன் கன்வென்ஷனல் பேனல் 1 (கட்டிடத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் தீ என்று மட்டும் காட்டும் சாதாரண வகை), அதற்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 2. கேபிள் சுமார் 200 மீட்டர்.

இனி தொகை. டிடெக்டர் 13க்கு ரூ.13,000. கால் பாயின்ட் 2,100. ஹூட்டர் 3,600. பேனல் 9,000, பேட்டரி 2,400. 1.5 சதுர மில்லிமீட்டர் இரண்டு கோர் ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) காப்பர் கேபிள் மீட்டர் 80 ரூபாய் வீதம் 16,000. அதை இழுத்து, சேடில் (சுவரோடு பிடிக்கும் கிளிப்) அடித்து, கிளாண்ட் (பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கிப் பிடிப்பது) போட மீட்டருக்கு 45 வீதம் 9,000. 19 கருவிகளைப் பொருத்த 4,750. எல்லாவற்றையும் ஓட்டிச் சோதித்து ஒப்படைக்கும் கமிஷனிங் 5,000. கூட்டினால் 64,850. 18 சதவீதம் ஜிஎஸ்டி 11,673. கையை விட்டுப் போவது ரூ.76,523. கண்ணுக்குத் தெரியும் அந்த 19 கருவிகளின் விலை 18,700தான், வரிக்கு முந்தைய தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் இடைவெளி 800 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கேயும் டிடெக்டர் வேண்டும், செலவு இன்னும் ஏறும்.

விலையைக் குறைப்பவர் கை வைப்பது கேபிளில்தான். ஆர்மர்டு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய சாதா வயர் ஓடும். எலி கடித்தால் அதோடு சரி. அடுத்தது இணைப்பு முறை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே பார்த்தால் தெரியாது.

கன்வென்ஷனல் ஜோனில் வயர் பேனலிலிருந்து கிளம்பி முதல் டிடெக்டரின் பேஸுக்குள் (சீலிங்கில் பொருத்தியிருக்கும் அடிப்பாகம்) நுழைந்து, வெளியேறி, அடுத்ததற்குப் போக வேண்டும். இப்படியே சங்கிலியாகக் கடைசி டிடெக்டர் வரை போய், அங்கே ஒரு ரெசிஸ்டரில் முடியும். அந்த ரெசிஸ்டர் வழியாக ஓடும் சிறு கரன்ட்டைப் பேனல் எப்போதும் கண்காணிக்கும். வழியில் வயர் அறுந்தால் கரன்ட் நிற்கும், பேனல் ஃபால்ட் காட்டும். வேலையைச் சுருக்குபவர் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் முடிச்சுப் போட்டு டிடெக்டருக்கு ஒரு கிளையாக இழுத்துவிடுவார். ரெசிஸ்டரைக் கடைசி பேஸில் போடாமல் பேனல் டெர்மினலிலேயே முறுக்கிவிடுவார். பேனலில் பச்சை விளக்கு எரியும், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஒரு டிடெக்டருக்குக்கூட வயர் போய்ச் சேராவிட்டாலும் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இதை நீங்களே பிடிக்கலாம். பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஏணி போட்டு, ஒவ்வொரு டிடெக்டராகத் திருகிக் கழற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பேனலில் அந்த ஜோனுக்கு ஃபால்ட் வர வேண்டும். வராத இடத்தில் வயரிங் தவறு. உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் வெட்டாமல், தோலை மட்டும் சீவி ஒரே ஸ்குரூவுக்குக் கீழே வளைத்துவிட்டாலும் இதே கதைதான். ஏணி மேலே இருக்கும்போதே, பெயின்டருக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடி டிடெக்டர் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். காசெட் ஏசியின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் டிடெக்டர் இருந்தால் புகை அதை நெருங்கவே நெருங்காது, ஒரு மீட்டராவது தள்ளச் சொல்லுங்கள்.

மின் இணைப்பில் நம் ஊர்க் கடைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இரவு கடை சாத்தும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது வழக்கம். பேனலுக்கும் அதே மெயினிலிருந்து கரன்ட் போனால், தினமும் ராத்திரி முழுக்கப் பேட்டரியில்தான் ஓடும். மூன்று வருடம் வர வேண்டிய பேட்டரி ஒரே வருடத்தில் உப்பிப்போகும். கடையின் மெயினுக்கு முன்னாலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், அதன் மேல் "அணைக்காதே" என்று ஒரு சிவப்பு லேபிள். எலக்ட்ரீஷியனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்தால் முடிந்தது.

ராத்திரி ஹூட்டர் அடித்தால் யார் கேட்பார்கள் என்பது அடுத்த கேள்வி. 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் பெரிய துணிக்கடைக் கட்டிடம் தீப்பிடித்தது அதிகாலையில். பூட்டிய கடைக்குள் ஹூட்டர் மட்டும் கத்தி என்ன பயன்? சிம் கார்டு போட்ட ஜிஎஸ்எம் டயலர் ரூ.4,000 முதல் 8,000 வரை கிடைக்கும். அலாரம் வந்ததும் நான்கைந்து எண்களுக்கு மாறி மாறி அழைக்கும். முதல் எண் கடைக்கு அருகில் குடியிருப்பவருடையதாக இருக்கட்டும். சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்க்கும் பொறுப்பையும் ஒருவருக்குக் கொடுங்கள்.

லாட்ஜ், மருத்துவமனை என்று அறைகள் பெருகினால் அட்ரஸபிள் முறை. எந்த அறையில் புகை என்று பெயரோடு காட்டும். டிடெக்டர் ஒன்றே 2,500க்கு மேல், பேனல் அறுபது, எழுபதாயிரத்தில் தொடங்கும். இதில் கொட்டேஷனில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது: பெரும்பாலும் அந்தக் கம்பெனி பேனலுக்கு அந்தக் கம்பெனி டிடெக்டர்தான் சேரும். ஐந்து வருடம் கழித்து ஒன்று பழுதானால் அவர்கள் சொன்னதுதான் விலை. வாங்கும்போதே பத்து சதவீதம் உபரி டிடெக்டர் கேட்டு வாங்கி வையுங்கள். பேனலின் பாஸ்வேர்டையும் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சர்வீஸுக்கு வேறு ஆளைக் கூப்பிடவே முடியாது. இருபது, இருபத்தைந்து அறை லாட்ஜுக்கு இது தாங்காது என்றால் கன்வென்ஷனலே போட்டு, ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் 200 ரூபாய் சிவப்பு இண்டிகேட்டர் வைத்தால் ஓடிவருபவருக்கு எந்தக் கதவு என்று தெரிந்துவிடும்.

லிஃப்ட் இருக்கும் கட்டிடத்தில், அலாரம் வந்ததும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கும்படி பேனலின் ரிலேயை (தானாக இயங்கும் சுவிட்ச்) லிஃப்ட் கன்ட்ரோலரோடு இணைக்க வேண்டும். ரிலே சில நூறு ரூபாய்தான். லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து இணைக்கத் தனியாகக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் தீ பிடித்தபோது, லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். லிஃப்ட் இணைப்பைக் கொட்டேஷனிலிருந்து வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

வருடச் செலவு, மேலே சொன்ன துணிக்கடைக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆறாயிரம் முதல் பத்தாயிரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் வர வேண்டும். டிடெக்டருக்குள் இருக்கும் சின்ன அறையில் சேரும் தூசியையும் மழைக்காலத்தில் புகும் சின்னப் பூச்சிகளையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பொய் அலாரத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பொய் அலாரம் தொடர்ந்தால் யாராவது ஹூட்டர் வயரைக் கழற்றிவிடுவார்கள். சோதிக்க ஊதுபத்தியோ பீடியோ காட்டினால் தார் படிந்து டிடெக்டர் கெடும், அதற்கென்றே ஸ்மோக் ஸ்பிரே உண்டு, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரியை நீங்களே பார்க்கலாம்: சாயங்காலம் பேனலின் பிரேக்கரை இறக்கிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு கால் பாயின்ட்டை அழுத்துங்கள். ஹூட்டர் சத்தம் இறங்காமல் அரை மணி நேரம் அடித்தால் பேட்டரி சரி. நடுவில் மங்கினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.