அண்டங்களின் நடுவே ஓர் உயிர்

மார்கழியில் மூடுபனி விலகிய முன்னிரவுகளில், ஏற்காட்டில் விளக்கொளி எட்டாத ஓரிடத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால், ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் மங்கலான ஒரு வெண்திட்டாக வெறுங்கண்ணுக்கே தென்படும். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம்முடைய பால்வீதியில் மட்டுமே குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் இருப்பதாக வானியலாளர்கள் கணிக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அக்கா மகன், "இத்தனைக்கும் நடுவுல நம்மளச் சாமிக்குத் தெரியுமா மாமா?" என்றான்.

தொலைநோக்கி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மலைப்பை முழுமையாக உணர்ந்தவர் மாணிக்கவாசகர். திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில், நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் அண்டங்களெல்லாம், வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் நுண்துகள்களைப் போலச் சிறுத்துத் தோன்றுமளவுக்கு இறைவன் பெரியவன் என்கிறார். அப்படிப் பாடியவர் அவனை எட்டாத தொலைவில் வைத்து அஞ்சி ஒதுங்கவில்லை. அதே நூலின் சிவபுராணத்தில், நாயினும் கடையனான தனக்குத் "தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்றுதான் அவனை அழைக்கிறார். அண்டங்களே தூசாகிவிட்ட பிறகு, விண்மீன் பெரிது, மனிதன் சிறியவன் என்ற கணக்குக்கு அங்கே பொருளே இல்லை. பெரியதைக் கவனிப்பதால் சிறியதைக் கவனிக்க நேரமில்லாமல் போவது நம்முடைய இயலாமை. அதை அவன்மேல் ஏற்றிப் பார்ப்பது முறையாகாது.

மனிதன் உருவத்தில் சிறியவனாயினும் பிரபஞ்சத்தையே சிந்தித்து அறிகிறான், ஆகவே அவன் உயர்ந்தவன் என்று சிலர் விடை சொல்வார்கள். இந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. அம்மாப்பேட்டையில் வாழ்நாளெல்லாம் பட்டுத்தறியில் உழைத்த என் பெரியம்மாவுக்கு இன்று பெற்ற பிள்ளைகளின் முகம்கூட நினைவில் இல்லை. விரல்கள் மட்டும் சேலைத்தலைப்பின் நூலை எடுத்து, அறுந்த பாவிழையைப் பிணைக்கும் பாவனையில் முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. அறிவுதான் மனிதனின் மதிப்பு என்றால், நினைவு கரையக் கரைய அவரும் மதிப்பிழந்துகொண்டு வருகிறார் என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்? பிறந்து சில நாட்களேயான குழந்தைக்கும் அதே கதிதான். நம் மதிப்பு நம்மிடமுள்ள எந்தத் திறமையாலும் வருவதன்று, நம்மை அறிந்திருப்பவனின் கருணையால் வருவது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் தம் பெயரையே மறந்தாலும் அவன் மறப்பதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் காதுபடவே, "அவங்களுக்கு இனி என்ன தெரியப்போகுது" என்று சொல்வதுண்டு. சொல்பவர் வயதில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், அப்படிப் பேச வேண்டாம் என்று தடுத்துவிடுகிறேன். அக்கா மகனுக்கும் நான் சொன்ன விடை இதுதான். இப்போது அவனும் பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்று பள்ளியில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்கிறான்.